கல்லில் வெட்டாத கல்வெட்டு

கல்வெட்டு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த எழுத்துக்கள் நினைவு வரும். கோயில் விளக்குக்கு நெய் வேண்டி யார் யாருக்கு எத்தனை ஆடு கொடுக்கப்பட்டது, நடனமாட வந்த 400 பெண்களில் யாருக்கு எந்த வீடு என்பதையெல்லாம் அந்தக் கல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மன்னன் மனம் வைத்ததால் அந்த 400 பெண்களின் பெயரும் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. மன்னன் மனம் வைக்காத மற்றக் கோடானு கோடி ஜனங்களின் பெயர் எங்கே? காற்றோடு போயிற்று.

ஆனால் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் தோட்டக்காரருக்கும் கல்வெட்டு உண்டு. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் உண்டு. வாழ்நாளெல்லாம் அடுப்படியை விட்டு வெளியே வராத ஆச்சிக்கும் உண்டு. அந்த ஊர் யாழ்ப்பாணம். அங்கே ஒரு வீட்டுக்குப் போய், "கல்வெட்டு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை யாரும் கோயிலுக்கு அழைத்துப் போகமாட்டார்கள். அலமாரியைத் திறந்து, அட்டையில் புகைப்படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இறந்தவரின் 31-ஆம் நாளன்று உறவினருக்கும் ஊராருக்கும் வழங்கிய நினைவுப் புத்தகம் அது. இந்தக் காலத்தில் 'நினைவு மலர்' என்று அச்சிடுகிறார்கள். பழைய மனிதர்கள் வாயில் மட்டும் அது இன்னும் கல்வெட்டுத்தான்.

வாருங்கள், அந்தக் கல்வெட்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

ஒழுங்கையில் ஒரு வெள்ளைக் கொடி

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 1956-இல் 'யாழ்தேவி' என்ற அழகான பெயருடைய ரயில் ஓடத் தொடங்கியது. 1990-இல் போர் அதை நிறுத்தியது. தண்டவாளங்கள்கூட இல்லாமற்போய், மறுபடி புதிதாகப் போட்டு, 2014-இல்தான் அது திரும்ப யாழ்ப்பாணத்தைத் தொட்டது. ஆனையிறவின் உப்பளத்தைத் தாண்டியதும் பனை மரங்கள் இரு பக்கமும் வந்து நிற்கும். அப்புறம் செம்மண் தோட்டம், வேலி, மறுபடி பனை.

யாழ்ப்பாணத்தில் தெருவை விட அழகு ஒழுங்கைதான். இரு பக்கமும் வேலி அடைத்து, ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் சந்துக்கு அங்கே ஒழுங்கை என்று பெயர். அப்படி ஓர் ஒழுங்கை முகப்பில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் உங்கள் நடை தானாக மெதுவாகும். உள்ளே ஒரு செத்தவீடு என்று அர்த்தம். சாவு நிகழ்ந்த வீட்டுக்கு அவர்கள் ஒளிவு மறைவில்லாமல் வைத்த பெயர் அது.

பக்கத்துச் சந்தியில் உள்ள சுவரைப் பாருங்கள். 'மரண அறிவித்தல்' ஒட்டியிருக்கும். ஊர்ப் பத்திரிகையிலும் அதே அறிவித்தல் வரும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மரண அறிவித்தல்களை வாசித்த காலத்தில், அந்த நேரம் வந்தால் வீட்டிலே பேச்சு அடங்கிவிடும். யார் பெயர் வருமோ என்று கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

இந்த அறிவித்தலுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன தேதி இறைவனடி சேர்ந்தார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அருமைத் தந்தையும் ஆவார் என்று ஓடும். முதல் முறை படிக்கிறவருக்கு ஏதோ சர்க்கார் பத்திரம் போலத் தோன்றும். பத்து அறிவித்தல்களைப் படித்துவிட்டால் விஷயம் புரியும். ஒருவருக்கு மயிலிட்டி பிறப்பிடம், மல்லாகம் வதிவிடம். இன்னொருவருக்கு நெடுந்தீவு பிறப்பிடம், வட்டக்கச்சி வதிவிடம், கடைசியில் கனடாவில் ஸ்காபரோ. பிறந்த ஊருக்கும் இறந்த ஊருக்கும் நடுவே ஒரு நாட்டின் சரித்திரம் முழுவதும் மடித்து வைத்திருக்கிறது.

முப்பத்தொரு நாள்

செத்தவீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டார்தான் தேநீரும் சாப்பாடும் கொண்டுவருவார்கள். சைவ வீடு என்றால், திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடியபடி சுண்ணம் இடிப்பார்கள். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்பார்கள். வந்தவர் விடைபெறும்போது, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இந்த வழக்கம் நமக்கும் தெரிந்ததுதான்.

எட்டாம் நாள் வருவது 'எட்டுச் செலவு.' செத்துப்போனவர் எதையெல்லாம் ஆசையோடு சாப்பிட்டாரோ, அதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். மீன் பிரியருக்கு மீன். சுருட்டுப் பிடித்தவராயிருந்தால் சுருட்டும் இலையோரம் வந்துவிடும். வேடிக்கை என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதரின் சுபாவத்தை வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிற முதல் நாள் அதுதான். "ஐயாவுக்குக் கத்தரிக்காய்க் குழம்பென்றால் உயிரெல்லோ!" என்று ஒருவர் தொடங்கினால், மற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைச் சொல்லுவார்.

அந்தப் பேச்சிலேயே கல்வெட்டின் முதல் வரி எழுதப்பட்டுவிடுகிறது.

31-ஆம் நாள் அந்தியேட்டி. கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்று நினைவுத் திருப்பலி நடக்கும். இரண்டு வீட்டிலும் அதற்குள் புத்தகம் தயாராகிவிட வேண்டும். ஆகவே அச்சகத்துக்கு ஓட்டம்! யாழ்ப்பாணத்துக்கு அச்சகம் புதிதல்ல. ஆறுமுக நாவலர் 1849-லேயே வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவிவிட்டார். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்து அச்சிட்ட நாட்களில் இந்த 31 நாள் அச்சகக்காரருக்குத் தூக்கமில்லாத நாட்களாகத்தான் இருந்திருக்கும். இப்போது எழுத்துக் கோப்பது கம்ப்யூட்டர் வேலை. ஆனாலும் அவசரம் குறையவில்லை. லண்டனிலிருக்கும் மகன் போட்டோ அனுப்ப வேண்டும். பாரிஸிலிருக்கும் மகள் தன் பிள்ளைகளின் பெயரைச் சரி பார்க்க வேண்டும். பேரனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அது காலாகாலத்துக்கும் பிழைத்ததாகிவிடும் அல்லவா?

புத்தகத்தைத் திறந்தால்...

அட்டையைத் திருப்பியதும் இறந்தவரின் படம். அதன் கீழே 'திதி வெண்பா.' நாலே அடி. இன்ன ஆண்டு, இன்ன மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதெல்லாம் இலக்கணம் பிசகாமல் அதற்குள் அடங்கியிருக்கும். எதற்காக வெண்பா என்று கேட்பீர்கள். ஆண்டுதோறும் திவசம் செய்ய இங்கிலீஷ் தேதி உதவாது, திதிதான் வேண்டும். காகிதத்தில் குறித்து வைத்தால் தொலைந்துபோகும். பாட்டாக்கி மனப்பாடம் செய்துவிட்டால் தொலையாது. பேரன் தலைமுறைக்கும் நாள் தவறாது. எவ்வளவு சிக்கனமான யோசனை பாருங்கள்!

அடுத்து தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம் என்று பஞ்சபுராணப் பாடல்கள். சில புத்தகங்களில் சிவபுராணமும் கந்தர் சஷ்டி கவசமும் முழுதாக இருக்கும். படித்த குடும்பங்கள் சில, கடையில் கிடைக்காத பழைய நூல் ஒன்றையே தேடி எடுத்து இந்தச் சாக்கில் மறுபதிப்புச் செய்துவிடுவதும் உண்டு. தகப்பனாரின் பெயரால் அன்னதானம் செய்வது போல இது நூல் தானம்.

பிறகு வாழ்க்கை வரலாறு. பழைய கல்வெட்டுக்களில் இதுவும் செய்யுளாகவே இருக்கும். ஊர்ப் பண்டிதரோ தமிழ் வாத்தியாரோ பாடிக் கொடுப்பார். முதலில் நாட்டு வளம், அப்புறம் ஊர்ச் சிறப்பு, குடிச் சிறப்பு, பிறப்பு, கல்வி, உத்தியோகம், விவாகம், மக்கட்பேறு, நோய், மறைவு என்று ஒரு சின்னக் காவியமே நடக்கும். அந்தியேட்டி அன்று கூடியிருப்பவர் முன்னால் அதை ராகத்தோடு படிப்பதும் வழக்கமாயிருந்தது.

அதற்கப்புறம் வருவது புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப் பிள்ளைகள் புலம்பல் என்று தனித்தனித் தலைப்புக்கள். மாமியாரோடு வாழ்நாளெல்லாம் முகம் கொடுத்துப் பேசாத மருமகளும் இந்தப் பக்கத்தில் தளை தட்டாத விருத்தத்தில் உருகி அழுவாள்! சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நம் வீடுகளில் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர் எத்தனை பேர்? ஒருவர் சொல்லித் தந்த வார்த்தையிலாவது அழ முடிவது லேசான காரியமல்ல.

கடைசியில் வம்சாவளி. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் உங்களைப் புதிதாகக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி, "தம்பி, நீர் ஆற்றை மோன்?" என்பது. யாருடைய மகன் என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குக் கிளை கிளையாகப் படம் போட்டுச் சொன்ன பதில்தான் வம்சாவளி. பாட்டன், பூட்டன், கொண்டான், கொடுத்தான் எல்லோரும் அதில் இருப்பார்கள். முடிவில் நன்றி நவிலல். பாடை சுமந்தவர் முதல் பந்தல் போட்டவர் வரை ஒருவரையும் மறக்காமல் நன்றி சொல்லிப் புத்தகம் முடியும்.

கீரிமலைக் கரையில்

புத்தகம் கைக்கு வருவதற்கு முன்னால் குடும்பத்தார் போய் வரவேண்டிய இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியைப் பிடியுங்கள். கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலருகே மேற்கே திரும்பினால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். அதுதான் கீரிமலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கும். அந்த நீர் கீரிமலையில் கடலோரமாக ஊற்றெடுத்து வெளியே வருகிறது. கேணியின் சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர். அந்தப் பக்கம் உப்புக் கடல். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. கீரி முகம் கொண்ட முனிவர் ஒருவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். கீரிக்கு வடமொழியில் நகுலம் என்று பெயர். ஆகவே பக்கத்திலிருக்கும் சிவன் நகுலேஸ்வரர் ஆனார்.

அந்தியேட்டிக் கிரியை இங்கேதான். குருக்கள் மந்திரம் சொல்ல, பிள்ளைகள் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு, கேணியில் முழுகி எழுந்து வீடு திரும்புவார்கள். ஆடி அமாவாசை அன்று கீரிமலையில் கால் வைக்க இடமிராது. தகப்பனை இழந்தவர்களெல்லாம் அன்று வருவார்கள். அன்றைய சமையலில் காத்தோட்டிக்காய் கட்டாயம் உண்டு. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. இப்படி ஆண்டுக்கு இரண்டு நாள், ஊரே பிள்ளைகளாகிவிடுகிறது.

வீடு திரும்பியதும் விருந்தினருக்குச் சாப்பாடு. புறப்படும்போது கையில் ஒரு புத்தகம். செத்தவீட்டில் தொடங்கிய 31 நாள் அத்துடன் முடிகிறது. மனிதர் போய்விட்டார், புத்தகம் வந்துவிட்டது.

எரிந்த நூலகமும் எரியாத பக்கங்களும்

நீங்கள் கேட்கலாம்: "ஒரு குடும்பத்தின் துக்கம் அந்தக் குடும்பத்தோடு போகட்டுமே, ஊருக்கு அதில் என்ன?" என்று. அதற்குப் பதில் யாழ்ப்பாண நகரின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

1933-இல் க. மு. செல்லப்பா என்ற அன்பர் தம் வீட்டிலேயே தொடங்கிய சிறு முயற்சி ஊரார் உதவியால் வளர்ந்து, யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1959-இல் அதற்கு அழகான கட்டிடம் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய தீ அதை விழுங்கியது. 97,000-க்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பழைய உருவத்திலேயே மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். கட்டிடம் திரும்பி வந்தது. ஏடுகள் திரும்பி வரவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பழைய விஷயம் எங்கே தேடுவது? வீட்டு அலமாரிகளில்தான். ஒரு கல்வெட்டை எடுத்துப் புரட்டுங்கள். இறந்தவர் பிரிட்டிஷார் காலத்தில் மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாகப் போய்ப் பென்ஷனோடு திரும்பியவராயிருப்பார். இன்னொன்றை எடுங்கள். கொழும்பிலே கந்தோர் உத்தியோகம். 1958-லோ 1977-லோ 1983-லோ கலவரத்தில் வீடு இழந்து, கட்டிய துணியோடு ஊர் வந்து சேர்ந்தவர். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் யார், கோயில் கேணியை வெட்டுவித்தவர் யார், எந்தத் தோட்டத்தில் புகையிலை போட்டார்கள், எந்தக் கிணற்றில் துலா மிதித்தார்கள் என்பதெல்லாம் போகிற போக்கில் வந்து விழும். சரித்திரம் எழுதுகிறோம் என்று நினைத்து யாரும் எழுதவில்லை. அப்பாவைப் பற்றி எழுதினார்கள். ஊர் வந்து சேர்ந்துகொண்டது.

மயிலிட்டியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். கீரிமலைக்குக் கிழக்கே உள்ள மீன்பிடித் துறை அது. 1990-இல் போர் வந்து அந்தப் பகுதி ஜனங்களை வெளியேற்றியது. நிலம் ராணுவத்தின் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறை ஜனங்கள் கைக்குத் திரும்பியது 2017-இல். நடுவே 27 ஆண்டு! நலன்புரி முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்துகொண்டு எத்தனையோ பேர் கண்ணை மூடினார்கள். திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத அந்த ஊர், அவர்களுடைய கல்வெட்டில் முதல் வரியில் 'பிறப்பிடம்' என்று நின்றது. ஊர் கையில் இல்லாத காலத்திலும் ஊரின் பெயர் காகிதத்தில் கலையாமல் இருந்தது.

2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைத்து வருகிறது. அதில் புலவர்களின் நூல்களோடு சேர்த்து, இந்த நினைவு மலர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

எழுதப்படாத பக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கல்வெட்டிலே எல்லோரும் நல்லவர்கள். கடன்காரர் கிடையாது, கோபக்காரர் கிடையாது. அது போகட்டும்; செத்தவரைக் குறை சொல்லாதது நம் மரபு.

ஆனால் பெண்களின் கல்வெட்டைப் பாருங்கள். புருஷனுக்கு மூன்று பக்கம் என்றால் மனைவிக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம். கணவர் சொல் தட்டாதவர், விருந்தோம்புவதில் சிறந்தவர், அவ்வளவுதான். அவர் கொழும்பில் உத்தியோகம் பார்த்த 30 வருஷமும் இங்கே தோட்டத்தைப் பார்த்து, கூலி கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சீட்டுப் பிடித்து வீடு கட்டியவள் யார்? அச்சில் அது வரவில்லை. அச்சிடக் காசில்லாத வீடுகளும் உண்டு. அந்த வீட்டு அப்புவும் ஆச்சியும் வாழத்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் புத்தகம் இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. திதி வெண்பா பாட ஒரு திதி வேண்டும். திதியே தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? போரின் கடைசி மாதங்களில், 2009-இல், வன்னியிலே செத்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கிரியை இல்லை, காடாற்று இல்லை, நாள் குறித்து வைக்கவும் ஆளில்லை. ஆகவே அவர்கள் எல்லோருக்குமாக ஒரே நாளை, மே 18-ஐ, வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் முள்ளிவாய்க்காலில் ஜனங்கள் கூடி விளக்கேற்றுகிறார்கள்.

செத்தார்களா, இருக்கிறார்களா என்றே தெரியாதவர்கள் இன்னொரு கூட்டம். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் சிலர் பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக் கணக்காக. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் கொடுக்க இலங்கையில் 2016-இல் சட்டம் செய்தார்கள். ஆனால் அந்தத் தாய்மார் கேட்பது சான்றிதழை அல்ல, பிள்ளையை. எட்டுச் செலவு படைக்க அவர்களுக்கு எட்டாம் நாள் எது? அந்தியேட்டிக்கு 31-ஆம் நாள் எது? எண்ணத் தொடங்குவதற்கு முதல் நாளே இல்லையே! ஒரு படமும் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் உள்ள அந்தக் கல்வெட்டு முடிக்க முடியாமல் தாயின் மடியில் கிடக்கிறது. தாய்மாரில் பலர் பதில் தெரியாமலே காலமாகிவிட்டார்கள். தாயின் கல்வெட்டு அச்சாகி வருகிறது. பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று வீட்டார் தயங்குகிறார்கள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு கனம் பாருங்கள்!

உங்கள் வீட்டிலும்...

நேயர்களே, யாழ்ப்பாணத்து வழக்கம் யாழ்ப்பாணத்தோடு இருக்கட்டும். நம் பக்கத்தில் சந்திக்குச் சந்தி 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆளுயரப் படம் வைக்கிறோம். ஒரு வாரத்தில் வெயிலில் வெளுத்து, மழையில் கிழிந்து, ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடுகிறது. அதில் இறந்தவர் எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார் என்ற விவரம் ஒரு வரி இராது. வைத்தவர்களின் பெயர் மட்டும் வரிசையாக இருக்கும்!

அந்தச் செலவில் எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வெண்பா பாடத் தெரிய வேண்டியதில்லை. பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம், செய்த தொழில், பிழைக்கப் போன இடங்கள், பட்ட கஷ்டம், கை வந்த வித்தை இவ்வளவையும் உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். அம்மாவைப் பற்றியானால் அப்பாவைப் பற்றி எழுதும் அளவுக்குக் குறையாமல் எழுதுங்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. இதற்கு வேண்டிய விஷயங்களைச் சாவுக்குப் பிறகு 31 நாளில் தேடப் போனால் பாதி கிடைக்காது. பழைய போட்டோவில் தாத்தாவின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவராயிருப்பார். போனவரும் அவராகவே இருப்பார். பெரியவர்கள் திண்ணையிலோ நாற்காலியிலோ பேச ஆள் தேடி உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்திலேயே பக்கத்தில் போய் உட்கார்ந்து, போட்டோவைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஊர், வருஷம் குறித்து வையுங்கள்.

கேட்கிறவர் கிடைத்த சந்தோஷத்தில் அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். சாப்பாட்டு வேளை தாண்டிவிடும். பரவாயில்லை, தாண்டட்டும்.